பன்னிரண்டு போல்ட்

காட்டுப்பன்றி சுட ஏறிய மரத்திலிருந்து சித்தப்பா விழுந்து மூன்று வருடம் ஆகிறது. ஆறடி உயரம்தான். நாலாவது படியில் கால் வைத்தார், படி பெயர்ந்து வந்துவிட்டது. படி என்றால் ஒரு சாண் நீளக் கட்டை, இரண்டு ஆணி. மறுநாள் நான் போய் அந்தக் கட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆணியின் தலை முழுசாக இருந்தது. மரத்துக்குள் இருந்த பகுதியை மட்டும் துரு தின்று தீக்குச்சி கனத்துக்குக் கொண்டுவந்திருந்தது. விரலால் வளைத்ததும் ஒடிந்தது. அந்த ஆணித் துண்டு இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது.

இடது கணுக்கால் முறிவு. இரண்டு மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்றே வாசலில் உட்கார்ந்து, "எப்படா மறுபடி ஏறலாம்?" என்றுதான் கேட்டார். ஏறாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். தாத்தா காலத்தில் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கித்தா மரம், அதாவது ரப்பர். இன்று பெரும்பாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. சித்தப்பாவுக்குக் காட்டை ஒட்டி நாலு ஏக்கர் நிலம் உண்டு. லயத்து வீட்டிலிருந்து வெளியேறிய பிறகு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து வாங்கியது. பழைய செம்பனைகளை வெட்டிவிட்டுக் கன்று வைத்த வருடம்தான் பன்றிகள் அவரை ஒரு வழி செய்தன. காட்டுப்பன்றி செம்பனைக் கன்றின் அடியைக் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். குருத்து போனால் கன்று போனது. அதற்கு வேறு கிளை கிடையாது. ஒரே ராத்திரியில் பதினேழு கன்று போன காலையில், சாய்ந்த கன்று ஒவ்வொன்றையும் சித்தப்பா தூக்கி நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தார். பிழைக்காது என்று அவருக்கே தெரியும்.

அவரிடம் உரிமத்தோடு ஒரு ஷாட்கன் இருக்கிறது. துப்பாக்கி என்றால் எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1948 ஜூன் 16-ல் இங்கே பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் மலாயாவின் அவசரகாலமே தொடங்கியது. துப்பாக்கி வைத்திருக்கப் போலீஸ் உரிமம் ஒன்று. அதற்குமேல் பன்றியைச் சுடப் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேறு வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அடக்கம். கம்பிச் சுருக்கு வைப்பதை அதே சட்டம் தடை செய்கிறது. அது நியாயமான தடை. சுருக்குக்குப் பன்றி, மான், புலி என்ற வித்தியாசம் தெரியாது. மாட்டியது எதுவானாலும் நாள் கணக்கில் அறுபட்டுச் சாகும்.

துப்பாக்கி சித்தப்பா பெயரில் இருப்பதால் அவர்தான் ஏற வேண்டும். நான் ஏறித் துப்பாக்கி பிடித்தால் இருவருமே குற்றவாளிகள்.

தரையில் நின்றே சுடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பன்றிக்குக் கண் சுமார், மூக்குதான் எல்லாம். தரையில் நிற்கிற மனிதனின் வாடை அதற்கு எங்கிருந்தோ எட்டிவிடும். பதினைந்தடி மேலே உட்கார்ந்தால் வாடை பெரும்பாலும் தலைக்கு மேலேயே போய்விடும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குறி தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போகும். நிலத்தின் மறுபக்கம் சாலை, அதைத் தாண்டி வீடுகள், பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகள். தரைமட்டத்தில் பறக்கிற குண்டு எங்கே நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே பரண் வேண்டும். பரண் என்றால் ஏறவும் வேண்டும்.

மரத்தில் முளை அடித்து ஏறுவது நமக்குப் புதிதில்லை. மலைத்தேன் எடுக்க உயர்ந்த பாறையில் நிலையாக நட்டு வைத்த ஏணியை மலைபடுகடாம் ‘மால்பு’ என்கிறது. கணுவில் கால் வைத்து ஏறும் மூங்கில், கண்ணேணி. இந்த மண்ணிலும் அதே அறிவு இருக்கிறது. 1850-களில் சரவாக்கில் தங்கியிருந்த ஆங்கில இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், டயாக் மக்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அறைந்து ஏறியதைப் பார்த்து விவரமாக எழுதி வைத்தார். அவர்கள் முளையை மட்டும் நம்பவில்லை. மரத்துக்கு இணையாக ஒரு நீண்ட மூங்கிலை நிறுத்தி, முளை ஒவ்வொன்றின் தலையையும் அந்த மூங்கிலோடு நாரால் கட்டினார்கள். ஒரு முளையில் விழும் எடையை மேலும் கீழும் இருக்கிற முளைகள் வாங்கிக்கொள்ளும். படித்தபோது சித்தப்பாவின் கட்டைப் படிகள்தான் என் கண்முன் வந்தன. ஒவ்வொன்றும் தனியாள். ஒன்று விட்டால் தாங்க இன்னொன்று இல்லை.

சரி, இனி போல்ட்டுக்கு வருகிறேன். நான் செம்பனை ஆலையில் பிட்டர். போல்ட்டும் நட்டும்தான் என் நாள்.

அமெரிக்காவில் வில் வைத்து மான் வேட்டையாடுகிறவர்கள் சிலர் மரம் ஏறுவதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏணி கிடையாது, ஆணியும் கிடையாது. கையால் சுற்றும் துறப்பணத்தால் அடிமரத்தில் துளை போட்டு, ஒரு போல்ட்டைச் செருகுகிறார்கள். அதில் ஏறி நின்று அடுத்த துளை, அடுத்த போல்ட். அவர்கள் கணக்கில் போல்ட் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது மூன்றின்கீழ் எட்டு அங்குலக் கனம், ஆறங்குல நீளம். ஏறக்குறைய பாதி மரத்துக்குள்ளே, பாதி வெளியே. மரை முடுக்குவதில்லை, சுத்தியால் அறைவதும் இல்லை. துளை வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் கொஞ்சம் கீழே சரியும். அந்தச் சரிவுதான் போல்ட் நழுவி வெளியே வராமல் பிடிக்கிறது. வேலை முடிந்து இறங்கும்போது ஒவ்வொன்றாக உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இரும்பு ஏணியின் கடகடப்பு இல்லை, மின்துளையானின் இரைச்சல் இல்லை, சுமையும் குறைவு. அங்கேயும் பல மாநிலங்களில் அரசு நிலத்து மரங்களில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது. சொந்த நிலத்திலோ உரிமையாளரின் சம்மதத்தோடோதான் செய்ய முடியும். சித்தப்பாவின் மரம் சித்தப்பாவின் நிலத்தில் நிற்கிறது.

பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது அதில் இருந்த ஒழுங்கு. ஆணி மரத்துக்குள் கிடந்து கண்ணுக்குத் தெரியாமல் அழுகும். போல்ட் ஒவ்வொரு முறையும் வெளியே வருகிறது. கையில் வைத்துப் பார்க்கலாம், துடைக்கலாம், சந்தேகம் வந்தால் தூக்கிப் போடலாம்.

ஆனால் இரும்புக் கடையில் பத்து மில்லிமீட்டர் போல்ட் பன்னிரண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்துவிடக்கூடாது. இதை யாராவது படித்துவிட்டுச் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், இந்த ஒரு பத்தியையாவது நிதானமாகப் படியுங்கள். போல்ட்டின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும்: 4.6, 8.8, 10.9. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் எத்தனை மெகாபாஸ்கல் இழுவையில் அது அறுந்துபோகும் என்று தெரியும். அதையே இரண்டாவது எண்ணின் பத்தில் ஒரு பங்கால் பெருக்கினால் எப்போது வளைந்து வளைந்தபடியே நின்றுவிடும் என்பது தெரியும். 4.6 என்றால் 240. 8.8 என்றால் 640. 10.9 என்றால் 900. சித்தப்பா 80 கிலோ. அவர் பாதம் பட்டையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மில்லிமீட்டர்க் கம்பியில் விழும் அழுத்தம் சுமார் 400 மெகாபாஸ்கல். ஆக 4.6 முதல் படியிலேயே வளைந்துவிடும். 8.8 தாங்கும். ஆனால் ஒரு கால் நழுவி மறு கால் படியில் சட்டென்று இறங்கினால் அந்த எடை எளிதாக இரண்டு மடங்காகும், அழுத்தம் 800-க்குப் போய்விடும். அதனால் 10.9. இன்னொன்று, மரை வெட்டிய இடத்தில் கம்பி மெலிந்திருக்கும். பட்டையை ஒட்டி மரை வந்தால் அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். 150 மில்லிமீட்டர் நீளத்தில், நுனியில் மட்டும் மரை உள்ள போல்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். நுனி மரத்துக்குள் போய்விடும், வழவழப்பான உடல் பட்டையருகே நிற்கும், தலை வெளியே இருந்து காலணி நழுவாமல் தடுக்கும். பன்னிரண்டு போல்ட்டும் சேர்த்து ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இரும்பின் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. மரத்தின் கணக்கு அம்மாவிடம் இருந்தது.

அம்மா முப்பத்தோரு வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தன் பங்கு மரங்கள் நிற்கும் நிரைக்குப் போவார். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் சரியாக வராது. பால் ஓடும் குழாய்கள் பட்டையில், உள்பக்கம், மரத்தை ஒட்டிய இடத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே ஈரத் தாள் போல ஒரு படலம். மரத்தையும் பட்டையையும் புதிதாக வளர்ப்பது அந்தப் படலம்தான். உளி அதைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு வெட்ட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், கை நடுங்காமல் அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுக்கொண்டே போனவர் என் அம்மா. ஆழமாக வெட்டிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் பொருமிவிடும், புதுப்பட்டையில் மறுபடி வெட்ட முடியாது. ஒருமுறை அவரைக் கோலகங்சாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1877-ல் வந்த கித்தாக் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் அங்கே நிற்கிறது. அரண்மனை, மசூதி எதிலும் அவருக்கு நாட்டமில்லை. அந்த மரத்தின் முன்னால் நின்று பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய் மரத்தில் துளை போடப் போகிறேன் என்றேன்.

"எத்தனை?"

"பன்னிரண்டு."

"எந்த மரத்துல?"

சித்தப்பாவின் எல்லையில், செம்பனை வைப்பதற்கு முந்தைய காலத்துக் கித்தா மரங்கள் ஏழெட்டு மிச்சம் நிற்கின்றன. யாரும் பால் எடுப்பதில்லை. அதில் ஒன்று நேராக, இருபதடிவரை கிளையில்லாமல் நிற்கும். அதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொதல்ல வெட்டப்போற மரத்துல போட்டுக் காட்டு" என்றார்.

மறுநடவுக்குக் குறித்திருந்த பழைய கித்தா ஒன்று பக்கத்து நிலத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டு, அதில் போட்டோம். துறப்பணம் பட்டையைத் தாண்டியதும் பால் வந்தது. துளையின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, அலகின் திருகு வழியாக வழிந்து, என் கையுறையில் சொட்டியது. அதன்பின் வெளிர்மஞ்சள் மரத்தூள் சுருள்சுருளாக, ஈரமாக வந்தது. அம்மா ஒரு சுருளை எடுத்து முகர்ந்தார். "நல்ல மரம். உள்ள கருப்பு இல்ல." கருத்த தூளோ புளித்த வாடையோ வந்தால் உள்ளே அழுகல் என்று அர்த்தம், அந்த மரத்தில் ஏறவே கூடாது. ஏழு சென்டிமீட்டர் போனதும் நிறுத்தி, போல்ட்டைச் செருகி, இரண்டு காலாலும் ஏறி நின்று குதித்தேன். அசையவில்லை. உருவியபோது துளையின் வாயில் பால் உறைந்து ஒட்டுப்பாலாக மூடத் தொடங்கியிருந்தது.

"தார் பூசணும்" என்றார் அம்மா. தோட்டத்தில் காயம்பட்ட மரத்துக்கு மருந்து பூசுவது அவர் பழக்கம். அப்போதுதான் நான் படித்ததைச் சொன்னேன். அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு ஆராய்ச்சியாளர், அமெரிக்க வனத்துறையில் இருந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துக் காயங்களைப் பார்த்து, 1977-ல் ஒரு விளக்கம் தந்தார். நம் உடம்பு புண்ணை ஆற்றுவதைப் போல மரம் ஆற்றுவதில்லை. காயம்பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் கட்டி, உள்ளேயே அடைத்துவிட்டு, அதன்மேல் புது மரம் வளர்க்கிறது. அடைபட்டது அடைபட்டதுதான், மரம் சாகும்வரை உள்ளே இருக்கும். சுவர்களில் மேலும் கீழும் எழுவது பலவீனமானது, அதனால் அழுகல் நீளவாக்கில்தான் சுலபமாக ஓடும். காயத்துக்குப் பின் வளர்ந்த புது மரத்துக்கும் பழையதுக்கும் நடுவில் எழுவதுதான் பலமான சுவர். மேலே பூசுகிற பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் காட்டினார்.

அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "அப்போ ஒன்னு மேல ஒன்னா நேர்கோட்டுல போடாத."

நான் படித்து முடித்தும் எனக்கு எட்டாதது அது. துளைகள் ஒரே கோட்டில் வந்தால் மேல் துளையின் அழுகல் இறங்கிக் கீழ்த்துளையோடு சேர்ந்துவிடும். இடம், வலம் என்று மாற்றி, அந்தந்தப் பக்கத்திலும் இரண்டு விரல் தள்ளித் தள்ளிக் குறித்தோம். அடுத்த வருடமும் அதே துளைகள்தான். புதுத்துளை கூடாது என்பதும் அம்மா போட்ட கட்டளை.

செம்பனையில் ஏன் போடவில்லை என்று சித்தப்பாவின் மகன் கேட்டான். பனை இனத்துக்கு அந்த ஈரப் படலமே கிடையாது. தென்னையில் ஏறுவதற்குக் கொத்தி வைத்த படிகளைப் பாருங்கள், நாற்பது வருடம் ஆனாலும் கொத்தியபடியே இருக்கும். மூடாத காயம். டுரியான், பெத்தாய் மரங்களையும் விட்டுவிட்டோம். சாப்பாடு போடுகிற மரத்தில் கை வைக்க யாருக்கும் மனமில்லை.

படி இடைவெளியில் நான் அமெரிக்கக்காரர்களைப் பின்பற்றவில்லை. அவர்கள் அரை மீட்டருக்கு ஒன்று வைப்பார்கள், போல்ட் மிச்சம். சித்தப்பாவின் கணுக்காலுக்கு அது ஆகாது. சமையலறை வாசற்படியில் அவரை ஏறச் சொல்லி, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, எந்த உயரத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்த்தேன். 38 சென்டிமீட்டரில் நின்றது. தரையிலிருந்து 45-ல் முதல் போல்ட், பன்னிரண்டாவது நாலரை மீட்டரைத் தாண்டும். பதினைந்தடி.

போல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மனிதன் நழுவுவான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் அடிபடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மரத்திலிருந்து விழுவது. நம் பனையேறிகள் காலுக்குத் தளைநார் போடாமல் மரத்தைத் தொட்டதுண்டா? இடுப்பு வாரிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிறு, தரையில் நிற்கும்போதே மாட்டியாக வேண்டும். மேலே போனதும் உடல் வாரை மரத்தில் கட்டிய கயிறோடு கோர்த்த பிறகுதான் இடுப்புக் கயிற்றைக் கழற்றலாம். தவறி விழுந்து வாரில் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கும். கொஞ்ச நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். கால் ஊன்ற ஒரு கயிற்று வளையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி கடைசியில்தான் வரும், தோட்டா இல்லாமல், கயிற்றில் கட்டி. இதில் எதைத் தவிர்த்தாலும் போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "நீ உங்க அம்மா மாதிரியே பேசுற" என்றார்.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு ஏறினார். நான் கீழே நின்றேன். அம்மாவும் வந்திருந்தார், வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஒவ்வொரு படியிலும் முதலில் கையால் போல்ட்டை ஆட்டிப் பார்த்து, பிறகு கால் வைத்து, கயிற்றை மேலே எறிந்து ஏற்றி, மறுபடி. நாலாவது படியில் நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு நீளமாக இருந்தது.

"தம்பி, ஏறுங்க. மரம் நல்ல மரம்" என்றார் அம்மா.

"தெரியுது அண்ணி" என்று சொல்லிவிட்டு அஞ்சாவதில் கால் வைத்தார்.

அன்று பன்றி வரவில்லை. 2021-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் கண்டுபிடிக்கப்பட்டுப் பிறகு தீபகற்பத்துக்கும் வந்ததிலிருந்து, எங்கள் பக்கத்துக் காட்டிலும் பன்றி முன்போல இல்லை. வெளிச்சம் மங்கியதும் சித்தப்பா துப்பாக்கியை வெறுமையாக்கிக் கயிற்றில் இறக்கினார். அப்புறம் அவர் இறங்கத் தொடங்கினார். ஒரு படி கீழே வந்து, தலைக்கு மேலே இருக்கும் போல்ட்டை லேசாகத் திருகி உருவி, கீழே நீட்டியிருந்த பையில் போட்டார். துளைகளின் வாயில் பால் கசிந்து வெள்ளையாக நின்றது. தரைக்கு வந்ததும் பையை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய பால் மங்கு கொண்டுவந்திருந்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையில் பாலைத் துடைத்து, பீங்கானில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் டிங் என்று ஒரு சத்தம். சித்தப்பா மரத்தடியில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவிக்கொண்டே எண்ணினார். பன்னிரண்டு.